அரேயில் ஓர் எண்ணைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறைய எண்கள் கொண்ட ஓர் அரே (எண்களை அடுத்தடுத்த இடங்களில் வைக்கும் பட்டியல்) இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் எண் அதில் உண்டா, உண்டென்றால் எந்த இடத்தில்? நிரல் எழுதப் பழகும் எல்லாரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் கணக்கு இது. நேர்காணலிலும் இதுதான் வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலும் வரிசைமுறைத் தேடல், இரும தேடல் என்று இரண்டு முறைகளும் உண்டு. இங்கே அவற்றை லீனியர் சர்ச் (ஒவ்வொன்றாகப் பார்ப்பது), பைனரி சர்ச் (நடுவைப் பார்த்துப் பாதியைக் கழிப்பது) என்றே சொல்கிறேன், புழக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. இன்டெக்ஸ், அதாவது அரேயில் ஓர் எண் நிற்கும் இடத்தின் எண், 0-வில் தொடங்குகிறது. நிரல் துண்டுகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பைத்தான், ஜாவா, சி என எதற்கும் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம்.

முதலிலிருந்து கடைசிவரை லூப் போட்டுத் தேடினால் என்ன தவறு?

ஒரு தவறும் இல்லை. அரே வரிசைப்படுத்தப்படாமல் கிடக்கிறது, ஒரே ஒரு முறைதான் தேடப்போகிறீர்கள் என்றால் லீனியர் சர்ச்தான் சரியான விடை. எந்த எண் எங்கே இருக்கும் என்று ஒரு துப்பும் இல்லாதபோது எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல் விட்ட ஓர் இடத்தில் அந்த எண் இருந்துவிட்டால்?

சிக்கல் வருவது தேடல் லூப்புக்குள் இன்னொரு தேடல் ஒளிந்திருக்கும்போது. 1 லட்சம் எண்கள் கொண்ட அரே, அதில் தேட வேண்டியவை இன்னொரு 1 லட்சம் எண்கள். எதுவுமே கிடைக்காத மோசமான நிலையில் 1,000 கோடி ஒப்பீடுகள். சி மொழியில் சில நொடிகளில் முடியலாம். பைத்தானில் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் பைத்தானில் 'இந்த எண் இந்த லிஸ்டில் இருக்கிறதா' என்று ஒரே வரியில் கேட்டுவிட முடிவதால், உள்ளே ஒரு லூப் ஓடுவது கண்ணுக்கே தெரியாது. லிஸ்ட் (பைத்தானின் அரே) என்றால் அந்த ஒற்றை வரியும் லீனியர் சர்ச்தான்.

அப்படியென்றால் முதலில் சார்ட் செய்துவிட்டு (வரிசைப்படுத்திவிட்டு) பைனரி சர்ச் செய்வதுதானே எப்போதும் நல்லது?

இல்லை. நேர்காணல்களில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். 'தேடல்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே 'பைனரி சர்ச்' என்று பதில் வந்துவிடுகிறது. அதற்கு முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: தரவு ஏற்கெனவே வரிசையில் இருக்கிறதா? எத்தனை முறை தேடப்போகிறோம்? இடையில் அரே மாறுமா?

10 லட்சம் எண்களை எடுத்துக்கொள்வோம். சார்ட் செய்யத் தோராயமாக 2 கோடி ஒப்பீடுகள் ஆகும். ஒரு லீனியர் சர்ச்சுக்கு அதிகபட்சம் 10 லட்சம். ஆக ஒரே ஒரு எண்ணைத் தேட சார்ட் செய்வது, சும்மா தேடினால் ஆகும் வேலையைப்போல இருபது மடங்கு. இருபது, நாற்பது முறை தேடினால் கணக்கு சமமாகும். ஆயிரக்கணக்கில் தேடப்போகிறீர்கள் என்றால் சார்ட் செய்த செலவு கரைந்துபோகும், ஏனென்றால் அப்புறம் ஒவ்வொரு தேடலுக்கும் 20 ஒப்பீடு போதும்.

'இருக்கிறதா, இல்லையா' என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சார்ட்கூட வேண்டாம். எல்லா எண்களையும் ஒரு செட்டில் போட்டுவிடுங்கள். கட்டுவதற்கு அரேயை ஒரு முறை கடந்தால் போதும், அதன்பின் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியாக ஒரே அளவு நேரம்தான், அரே எவ்வளவு பெரிதாக இருந்தாலும். எந்த இடத்தில் என்பதும் வேண்டுமென்றால் செட்டுக்குப் பதில் டிக்‌ஷனரி: எண்ணைச் சாவியாகவும் இடத்தை மதிப்பாகவும் வையுங்கள்.

அப்படியானால் பைனரி சர்ச்சுக்கு என்ன வேலை மிச்சம்? 'இல்லை' என்று தெரிந்தபின்னும் கேள்வி முடியாத இடங்களில் அதற்கு இணை கிடையாது. 50 இல்லை, சரி, 50-க்கு அடுத்த பெரிய எண் எது? 50-க்குக் கீழே எத்தனை எண்கள்? செட்டால் இதைச் சொல்ல முடியாது, வரிசையில் நிற்கும் அரேயால் முடியும்.

பைனரி சர்ச் எப்படி நகர்கிறது? ஓர் உதாரணம் வேண்டும்.

இந்த அரேயைப் பாருங்கள்: 3, 8, 15, 21, 34, 47, 59, 72. எட்டு எண்கள், இடங்கள் 0 முதல் 7 வரை. 47-ஐத் தேடுகிறோம்.

இடது 0, வலது 7. நடு 3, அங்கே 21. தேடுவதைவிடச் சின்னது. அப்படியென்றால் 21-ம் அதற்கு இடப்பக்கம் இருப்பவையும் நமக்கு வேண்டாதவை. இடது 4 ஆகிறது. இப்போது நடு 5, அங்கே 47. கிடைத்துவிட்டது, இரண்டே பார்வையில்.

இல்லாத எண்ணைத் தேடும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், நிரல்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான். 50-ஐத் தேடுங்கள். நடு 3-ல் 21, சின்னது, இடது 4. நடு 5-ல் 47, சின்னது, இடது 6. நடு 6-ல் 59, பெரியது, வலது 5. இப்போது இடது 6, வலது 5. இடது வலதைத் தாண்டிவிட்டதால் பார்க்க எதுவும் மிச்சமில்லை. இடது நின்ற 6-ஐ மறுபடி பாருங்கள். வரிசை கெடாமல் 50-ஐச் செருக வேண்டுமென்றால் அதன் இடம் அதேதான். லூப் முடியும்போது கையில் இருக்கும் இந்த விவரத்தைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் 1,000 எண்களுக்கு 10 பார்வை, 10 லட்சத்துக்கு 20, 100 கோடிக்கு 30. அரே ஆயிரம் மடங்கு வளர்ந்தால் வேலை பத்தே பார்வை கூடுகிறது.

என் பைனரி சர்ச் சில சமயம் முடிவே இல்லாமல் சுற்றுகிறது. ஏன்?

அநேகமாக 'இடது = நடு' என்று எழுதியிருப்பீர்கள், '+ 1' இல்லாமல். இடது 4, வலது 5 என்று இரண்டு இடம் மட்டும் மிச்சமிருக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். நடு = (4 + 5) / 2, கீழே வெட்டினால் 4. அங்குள்ள எண் சின்னது, ஆகவே இடது = 4. ஒன்றுமே நகரவில்லை. அடுத்த சுற்றிலும் இதே 4, 5. பெரிய அரேயில் ஆயிரம் முறை சரியாக ஓடிவிட்டு, கடைசியில் இரண்டு இடம் மிஞ்சும்போது மாட்டிக்கொள்ளும்.

அங்கும் இங்கும் +1, −1 போட்டுப் பார்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு வாக்கியத்தை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தேடும் எண் இருந்தால், அது இடதுக்கும் வலதுக்கும் நடுவில்தான் இருக்கும், இரண்டு முனைகளும் உட்பட. நடுவை ஏற்கெனவே பார்த்தாயிற்று, அது சின்னது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அது இனி உள்ளே இருக்கக் கூடாது, இடது நடு + 1-க்குத்தான் போக வேண்டும். 'முனைகளும் உட்பட' என்று சொல்லிவிட்டதால், இடதும் வலதும் ஒரே இடத்தில் நிற்கும்போதும் பார்க்க ஓர் எண் மிச்சம் இருக்கிறது. அதனால் லூப்பின் நிபந்தனை 'இடது ≤ வலது'. வாக்கியம் தெளிவாக இருந்தால் ஒவ்வொரு +1-ம் அதிலிருந்தே வந்துவிடும், மனப்பாடம் தேவையில்லை.

ஒரே எண் பல முறை வந்தால் முதலாவது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் எப்போதும் எழுதுவது இந்த வடிவம்தான், சாதாரணத் தேடலுக்கும்கூட:

இடது = 0
வலது = நீளம்
இடது < வலது இருக்கும்வரை:
    நடு = இடது + (வலது − இடது) / 2, மீதியை விட்டுவிடு
    அரே[நடு] < தேடும்_எண் என்றால்:
        இடது = நடு + 1
    இல்லையென்றால்:
        வலது = நடு
விடை = இடது

இங்கே வலது தொடங்குவது நீளத்தில், நீளம் − 1-ல் இல்லை. வாக்கியமும் வேறு: இடதுக்கு முன்னால் இருப்பவை எல்லாம் தேடும் எண்ணைவிடச் சின்னவை, வலதிலிருந்து அந்தப்பக்கம் இருப்பவை எல்லாம் தேடும் எண்ணுக்குச் சமம் அல்லது அதைவிடப் பெரியவை. இடையில் இருப்பவை இன்னும் தெரியாதவை. லூப் முடியும்போது தெரியாதவை என்று எதுவும் இல்லை. இரண்டு கூட்டமும் சந்திக்கும் எல்லைதான் விடை.

5, 8, 8, 8, 12 என்ற அரேயில் 8-ஐத் தேடிப் பாருங்கள். இடது 0, வலது 5, நடு 2. அங்கே 8, சின்னதில்லை, வலது 2. நடு 1, மறுபடி 8, வலது 1. நடு 0, அங்கே 5, சின்னது, இடது 1. முடிந்தது. விடை 1, முதல் 8 நிற்கும் இடம்.

'<' இருக்கும் இடத்தில் (லூப்பின் நிபந்தனையில் இல்லை, அரே[நடு]-வை ஒப்பிடும் வரியில்) '≤' போட்டால் கடைசி 8-க்கு அடுத்த இடம் கிடைக்கும், இங்கே 4. 4-லிருந்து 1-ஐக் கழித்தால் 3, எத்தனை 8 இருக்கின்றன என்ற விடை. ஒரே ஓர் எழுத்து மாற்றத்தில் எண்ணிக்கையும் வந்துவிடுகிறது.

ஏதோ ஒரு 8-ஐப் பிடித்துவிட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகரும் வழியையும் சிலர் எழுதுகிறார்கள். அரே முழுக்க 8-ஆகவே இருந்தால் அது பாதி அரேயை நடக்கும். பைனரி சர்ச் செய்த பலன் அங்கேயே போய்விடும்.

இன்னொன்று, இந்த வடிவம் எப்போதும் ஓர் இடத்தைத் திருப்பித் தரும், எண் இல்லாவிட்டாலும். ஆகவே முடிவில் இரண்டு சோதனை கட்டாயம்: விடை நீளத்தைவிடக் குறைவா, அந்த இடத்தில் இருப்பது தேடிய எண்தானா? முதல் சோதனையை விட்டுவிட்டால், எல்லா எண்களையும்விடப் பெரிய எண்ணைத் தேடும்போது அரேக்கு வெளியே கை நீட்டுவீர்கள்.

(இடது + வலது) / 2 என்று எழுதாமல் ஏன் இவ்வளவு சுற்றி எழுத வேண்டும்?

கணிதத்தில் இரண்டும் ஒன்றுதான், கணினியில் வேறு வேறு. ஜாவாவிலும், இன்றைய பெரும்பாலான சி கம்பைலர்களிலும் சாதாரண முழு எண்ணின் உச்சம் 2,14,74,83,647. இடது 120 கோடி, வலது 160 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே இரண்டும் வரம்புக்குள். கூட்டினால் 280 கோடி, வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஜாவாவில் அது சுற்றிக்கொண்டு −1,49,49,67,296 என்ற எதிர்மறை எண்ணாகிவிடும். இரண்டால் வகுத்து அரேயில் அந்த இடத்தைக் கேட்டால் நிரல் அங்கேயே விழும். வலதிலிருந்து இடதைக் கழித்துப் பாதியாக்கினால் எந்தக் கட்டத்திலும் வரம்பைத் தாண்டாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல், கூகுளில் இருந்தபோது, இதை வெளிப்படையாக எழுதினார். பிழை தலைகாட்ட அரேயில் குறைந்தது 107 கோடி உறுப்புகளாவது வேண்டும். 1990-களில் அவ்வளவு பெரிய அரேயை யாரும் வைத்திருக்கவில்லை. நினைவகம் பெரிதான பிறகுதான் அது வெளியே வந்தது.

பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு இல்லை, ஆகவே அங்கே எப்படி எழுதினாலும் சரி. ஆனாலும் பாதுகாப்பான வடிவத்தையே பழகுங்கள், நாளை வேறு மொழிக்குப் போகும்போது கை தானாகவே அதைத்தான் எழுதும்.

பைனரி சர்ச் சின்ன நிரல்தான், ஆனால் வரலாறு முழுக்க வழுக்கியிருக்கிறது. எனியாக் கணினியை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் மாக்லி 1946-லேயே பென்சில்வேனியாவில் நடந்த விரிவுரைகளில் இந்த முறையைச் சொல்லிவிட்டார். எந்த நீளமுள்ள அரேக்கும் பொருந்தும் வடிவத்தை டெரிக் லேமர் வெளியிட்டது 1960-ல். ஆகவே உங்கள் நிரல் முதல் தடவையே சரியாக வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம்.

தயாராகக் கிடைப்பதைப் பயன்படுத்தலாமா, நானே எழுத வேண்டுமா?

வேலையில் தயாராகக் கிடைப்பதையே பயன்படுத்துங்கள். பைத்தானில் பைசெக்ட் என்ற மாட்யூல் இருக்கிறது. அதன் இடப்பக்க வடிவம் மேலே எழுதிய லூப்பேதான், வலப்பக்க வடிவம் '≤' போட்டது. சி++-ல் லோயர் பவுண்ட், அப்பர் பவுண்ட் என்ற பெயரில் இரண்டும் உண்டு.

ஜாவாவில் கொஞ்சம் கவனம் வேண்டும். எண் கிடைத்தால் இடத்தைத் தரும். கிடைக்காவிட்டால், செருக வேண்டிய இடத்தை எதிர்மறையாக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்துத் தரும். நாம் பார்த்த அரேயில் 50-ஐக் கேட்டால் −7 வரும், ஏனென்றால் செருக வேண்டிய இடம் 6. அந்த ஒன்றை எதற்குக் கழிக்கிறார்கள்? செருக வேண்டிய இடம் 0 என்றால் −0-ம் 0-ம் ஒன்றாகிவிடும், 'கிடைத்தது' என்று நினைத்துவிடுவோம். மேலும், ஒரே எண் பல முறை இருந்தால் ஜாவா எதைப் பிடித்துக் கொடுக்கும் என்று உறுதி கிடையாது. முதலாவது வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுத வேண்டும்.

இரண்டு எண்களைக் கூட்டினால் இலக்கு வர வேண்டும் என்ற கணக்கை எப்படி வேகமாகச் செய்வது?

நிரல் பயிற்சிக்கான லீட்கோட் தளத்தின் முதல் கணக்கு இதுதான், தேடல் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. அரே 12, 5, 20, 7, 3, 31. இலக்கு 27. எந்த இரண்டு இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 27?

லூப்புக்குள் லூப் போட்டு எல்லா ஜோடிகளையும் பார்க்கலாம். ஆறு எண்களுக்கு 15 ஜோடிதான். 1 லட்சம் எண்களுக்குக் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகள்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். கையில் 7 இருந்தால், தேட வேண்டியது 'ஏதோ ஒரு ஜோடி' இல்லை, குறிப்பாக 20. அதாவது உள்ளே இருக்கும் இரண்டாவது லூப் செய்வது ஒரு தேடல். அந்தத் தேடலை டிக்‌ஷனரியிடம் ஒப்படைத்துவிட்டால் இரண்டாவது லூப்பே தேவையில்லை.

12 வருகிறது. வேண்டியது 15, இதுவரை பார்த்ததில் இல்லை. '12, இடம் 0' என்று எழுதி வைக்கிறோம். 5 வருகிறது, வேண்டியது 22, இல்லை, எழுதுகிறோம். 20 வருகிறது, வேண்டியது 7, இன்னும் வரவில்லை, எழுதுகிறோம். 7 வருகிறது, வேண்டியது 20. ஏற்கெனவே இடம் 2-ல் பார்த்திருக்கிறோம். விடை 2, 3. அரேயை முழுசாகக்கூடக் கடக்கவில்லை.

வரிசை முக்கியம்: முதலில் தேடு, அப்புறம் எழுது. இதை மாற்றினால் என்ன ஆகும் என்று இலக்கு 24-ஐ வைத்துப் பாருங்கள். 12-க்கு வேண்டியது இன்னொரு 12. முதலில் எழுதிவிட்டுத் தேடினால் 12 தன்னையே கண்டுபிடித்துக்கொண்டு 0, 0 என்று விடை தரும். இந்த அரேயில் 24 தரும் ஜோடியே கிடையாது.

டிக்‌ஷனரி இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், அரே வரிசையில் இருந்தால். அதே எண்கள் வரிசையில்: 3, 5, 7, 12, 20, 31. இரண்டு முனையிலும் ஒரு விரல். 3 + 31 = 34, இலக்கைவிடப் பெரியது. இருப்பதிலேயே சின்ன எண்ணோடு சேர்ந்தே 31 இலக்கைத் தாண்டுகிறது என்றால் வேறு யாரோடும் சேராது, ஆகவே 31-ஐ விட்டுவிடலாம். 3 + 20 = 23, குறைவு. இருப்பதில் பெரியதோடு சேர்ந்தும் 3 எட்டவில்லை, 3 வேண்டாம். 5 + 20 = 25, குறைவு. 7 + 20 = 27.

ஒவ்வொரு அடியிலும் ஓர் எண் நிரந்தரமாக வெளியேறுகிறது, ஆகவே மொத்தம் நீளத்தைவிட அதிக அடிகள் ஆகாது. கூடுதல் நினைவகமும் வேண்டாம். ஆனால் நீங்களே சார்ட் செய்தால் பழைய இடங்கள் தொலைந்துபோகும். விடையாக இடங்களைக் கேட்டால், எண்ணையும் இடத்தையும் ஜோடியாக வைத்து சார்ட் செய்யுங்கள்.

ஹாஷ் எப்போதும் வேகமானதுதானா?

சராசரியாக ஆம், உத்தரவாதமாக இல்லை. மேலே சொன்ன செட்டும் டிக்‌ஷனரியும் உள்ளே பயன்படுத்தும் முறைதான் ஹாஷ். ஹாஷ் செய்வது எண்ணை ஒரு கணக்கில் போட்டு எந்தப் பெட்டியில் வைப்பது என்று முடிவு செய்வது. ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-ல் எழுதிய யோசனை இது. எல்லாம் ஒரே பெட்டியில் போய் விழுந்தால் அந்தப் பெட்டிக்குள் மறுபடி லீனியர் சர்ச்தான்.

வேண்டுமென்றே அப்படி விழும்படி தரவு கொடுக்கவும் முடியும். நிரல் போட்டிகளில் அடுத்தவர் விடையை உடைக்க இதைச் செய்கிறார்கள், இணையதளங்களை முடக்கவும் முயன்றிருக்கிறார்கள். அதனால்தான் பைத்தான் 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து எழுத்துச் சரங்களின் ஹாஷை ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு மாதிரி கலைத்துவிடுகிறது. ஜாவா 8-ல் ஒரு பெட்டி நிறைந்துபோனால் அதைத் தேடல் மரமாக (வேகமாகத் தேடும்படி கிளை கிளையாக அடுக்கிய அமைப்பாக) மாற்றிவிடுகிறார்கள். அன்றாட வேலையில் இதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

சின்ன அரேக்கு வேறொரு கணக்கு. பத்து, இருபது எண்கள் என்றால் அடுத்தடுத்து நினைவகத்தில் கிடப்பதைச் சும்மா வரிசையாகப் படிப்பது, ஹாஷ் போடுவதைவிடவும் பைனரி சர்ச்சைவிடவும் வேகமாக இருக்கலாம். சின்ன அரேயில் எளிய லூப்பை மாற்ற வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் செய்தும் பைனரி சர்ச் தவறான விடை தருகிறதே?

சார்ட் செய்ததை அச்சிட்டுப் பாருங்கள். 10, 9, 1, 100 என்பதைச் சும்மா சார்ட் செய்தால் 1, 10, 100, 9 என்று வரும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் எண்களை எழுத்துச் சரங்களாக மாற்றி ஒப்பிடுகிறது. எண்களாக ஒப்பிட, இரண்டின் வித்தியாசத்தைத் தரும் ஒப்பீட்டுச் செயல்பாட்டை நீங்கள் கொடுக்க வேண்டும். எந்த மொழியானாலும், எந்த முறையில் சார்ட் செய்தீர்களோ அதே முறையில்தான் தேடலும் ஒப்பிட வேண்டும்.

ரிகர்ஷன் (செயல்பாடு தன்னையே அழைப்பது) போட்டு எழுதினால் அழகாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அரேயை வெட்டாதவரை. பைத்தானில் 'பாதி லிஸ்டை மட்டும் அனுப்பு' என்று ஸ்லைஸ் செய்து எழுதுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்லைஸ் என்பது நகல். 10 லட்சத்தில் பாதி 5 லட்சம், அதில் பாதி இரண்டரை லட்சம் என்று நகலெடுத்துக்கொண்டே போனால் மொத்தம் கிட்டத்தட்ட 10 லட்சம். 20 ஒப்பீட்டில் முடிய வேண்டிய வேலைக்கு அரே முழுவதையும் நகலெடுத்த செலவு. வெட்டிய துண்டில் கிடைக்கும் இடமும் மூல அரேயின் இடமாக இருக்காது. அரேயை அப்படியே வைத்துக்கொண்டு இடது, வலது எண்களை மட்டும் அனுப்புங்கள்.

கிடைக்காவிட்டால் −1 திருப்புவது சரியா?

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் அது வழக்கம். பைத்தானில் ஆபத்து, ஏனென்றால் அங்கே −1 என்பது கடைசி உறுப்பின் இடம். கிடைக்கவில்லை என்பதைச் சோதிக்காமல் அந்த −1-ஐ இடமாகப் பயன்படுத்தினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, தவறான எண் சத்தமில்லாமல் வந்து நிற்கும். 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் None மதிப்பைத் திருப்புங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் இதன் மறுபக்கம் இருக்கிறது. 'இடம் கிடைத்தால்' என்று இடத்தையே நிபந்தனையாகப் போட்டால், முதல் இடமான 0 'பொய்' என்றும் −1 'மெய்' என்றும் எடுத்துக்கொள்ளப்படும். விடை நேர் எதிராகிவிடும். −1-ஆ என்று நேரடியாக ஒப்பிடுங்கள்.

லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்தது எங்கே என்று மட்டும் காட்டும் பட்டியலில்) பைனரி சர்ச் செய்யலாமா?

பலன் இல்லை. நடு இடத்துக்கு ஒரே தாவலில் போக முடிந்தால்தான் இந்த முறைக்கு மதிப்பு. லிங்க்டு லிஸ்டில் நடுவுக்குப் போகவே பாதி தூரம் நடக்க வேண்டும். சி++-ல் இதே காரணத்தால் ஒரு பள்ளம் உண்டு: அங்கே செட் என்பது ஹாஷ் இல்லை, வரிசையில் வைத்த தேடல் மரம், அதன் மீது பொதுவான லோயர் பவுண்டை அழைத்தால் அது ஒவ்வொரு உறுப்பாக நடந்து போகும். செட்டுக்கே சொந்தமான லோயர் பவுண்டை அழையுங்கள்.

சார்ட் செய்த அரேயைச் சுழற்றி வைத்திருந்தால்?

34, 47, 59, 72, 3, 8, 15, 21. இதில் 8-ஐத் தேடுகிறோம். எங்கே வெட்டினாலும் இரண்டு பாதிகளில் ஒன்றாவது ஒழுங்கான வரிசையில் இருக்கும். நடு 3-ல் 72. இடப்பாதி 34 முதல் 72 வரை ஒழுங்கு, 8 அந்த வரம்புக்குள் இல்லை, ஆக வலப்பாதி. நடு 5-ல் 8. ஒரே எண் பல முறை வரும் என்றால் எந்தப் பாதி ஒழுங்கு என்று சில சமயம் சொல்ல முடியாது. அப்போது மோசமான நிலையில் முழு அரேயையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் அரேக்கு மட்டும்தானா?

ஒரு கேள்விக்கான பதில் 'இல்லை, இல்லை, இல்லை' என்று போய் ஓரிடத்தில் 'ஆம்' ஆகி, அப்புறம் கடைசிவரை 'ஆம்' என்றே இருந்தால், அந்த எல்லையை பைனரி சர்ச்சால் பிடிக்கலாம். அரேயே வேண்டாம். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை செய்வது இதைத்தான். போன மாதம் ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் 1,000 கமிட் (சேமித்த மாற்றங்கள்). ஏறத்தாழ 10 கமிட்டைச் சோதித்தாலே உடைத்த கமிட் எதுவென்று தெரிந்துவிடும். இந்தக் கட்டளையை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள், மேலே எழுதிய எல்லை வடிவம் அப்புறம் மறக்காது.

நான் எழுதியது சரியா என்று எப்படி உறுதி செய்வது?

பெரிய அரே கொடுத்துப் பார்ப்பதால் அவ்வளவாகத் தெரியாது, பிழைகள் சின்னதில்தான் இருக்கும். வெற்று அரே, ஒரே உறுப்பு, இரண்டு உறுப்பு, எல்லாம் ஒரே எண், எல்லாவற்றையும்விடச் சின்ன எண்ணைத் தேடுதல், எல்லாவற்றையும்விடப் பெரியதைத் தேடுதல். இவற்றைக் கையால் எழுதுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லீனியர் சர்ச்சை ஒரு தனிச் செயல்பாடாக எழுதி வையுங்கள், மூன்று வரிதான், தவறு செய்ய இடமில்லை. அது தருவது, தேடும் எண்ணைவிடச் சின்னதாக இல்லாத முதல் உறுப்பின் இடம், அப்படி ஒன்று இல்லாவிட்டால் நீளம். பிறகு 0 முதல் 6 வரை நீளமும் 0 முதல் 4 வரை மதிப்பும் கொண்ட, வரிசையில் உள்ள எல்லா அரேகளையும் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் −1 முதல் 5 வரை தேடி, இரண்டு செயல்பாடுகளின் விடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மொத்தம் 462 அரேகள், ஒவ்வொன்றிலும் ஏழு தேடல். கண் சிமிட்டும் நேரத்தில் ஓடி முடியும், எங்கே விடை மாறுகிறதோ அந்தச் சின்ன அரேயை அப்படியே கையில் கொடுக்கும். அதை எடுத்துத் தாளில் இடது, வலது, நடு என்று மூன்று பத்தி போட்டு நடந்து பார்த்தால் தவறான வரி எது என்று தெரிந்துவிடும்.